பங்குனி வெயிலில் புளித்த பிரட்

எங்கள் வீட்டில் பிரட் என்றால் காய்ச்சல் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு பிரட் பாக்கெட், நாலு ஆரஞ்சு. நல்ல உடம்புக்குச் சோறும் களியும்தான். அந்தப் பிரட் எப்போது வாரத்தில் மூன்று நாள் பையனின் டிபன் பாக்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். ஜாம் தடவி மடித்து வைக்க இரண்டு நிமிஷம் போதும். அவ்வளவுதான் காரணம்.

மாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு தருமபுரி திரும்பினோம். பிரிட்ஜ் தலையில் மறந்து வைத்திருந்த பாக்கெட் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியும் பஞ்சு மாதிரி இருந்தது. பேக்கரியில் வாங்கும் பன் இரண்டாம் நாளே விறைத்து, மூன்றாம் நாள் பச்சைப் பூசணம் பிடிக்கும். கவரைத் திருப்பிப் படித்தேன். மைதா, சர்க்கரை, ஈஸ்ட், எண்ணெய், குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்), அப்புறம் சில எண்கள். 282 என்பது கால்சியம் புரொப்பியோனேட், பூசணம் வராமல் காக்கிற உப்பு. அனுமதித்த பொருள்தான், விஷமில்லை. 150ஏ கேரமல் நிறம். ஆக, 'பிரவுன் பிரட்'டின் பழுப்புக்குக் கோதுமை மட்டும் காரணமில்லை. பொட்டாசியம் புரோமேட்டைப் பற்றிப் பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகள் இன்னும் சுற்றுகின்றன. அதற்கு 2016-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது.

என்னை உறுத்தியது எண்கள் இல்லை, நேரம். 1961-ல் இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். மாவை அதிவேக மிக்ஸரில் அடித்து, ஈஸ்டைக் கூட்டிப் போட்டு, மாவிலிருந்து பிரட் வரைக்கும் நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இட்லி மாவுக்கு ஒரு ராத்திரி முழுக்க விடுகிறோம், இதற்கு மட்டும் என்ன அவசரம்? சரி, புளிக்க வைத்துத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

ஸ்டார்ட்டரில், அதாவது பிரட் மாவைப் புளிக்க வைக்கும் உறைமாவில் ஆரம்பம். ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்த மாவு 50 கிராம், தண்ணீர் 50 கிராம், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கலக்கி, மட்டம் தெரிய ரப்பர் பேண்ட் மாட்டினேன். எங்களுக்கு வருவது ஒகேனக்கல் தண்ணீர், திறந்ததும் குளோரின் வாடை அடிக்கும். ராத்திரியே பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் காலையில் வாடை போயிருக்கும். அம்மா தராசைப் பார்த்துவிட்டு, "உறை போடறதுக்கு எதுக்குடா தராசு?" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாவு பாட்டில் வாய்வரை ஏறியிருந்தது. ஆஹா என்று போட்டோ எடுத்தேன். மூன்றாம் நாள் ஈரச் சாக்ஸ் நாற்றம், ஒரு குமிழி இல்லை. நாலாம் நாளும் அப்படியே. கொட்டிவிடலாம் என்று சிங்க் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதலில் பொங்க வைத்தது ஈஸ்ட் இல்லை. இட்லி மாவை உப்ப வைக்கும் லூகனோஸ்டாக் வகை பாக்டீரியாக்கள் இங்கேயும் முதல் ஆட்டம் போட்டுவிடுகின்றன. புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடும். அந்தப் புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களும் மாவிலேயே இருந்த காட்டு ஈஸ்டும் அதற்குப் பிறகுதான் தலை தூக்கும். நடுவில் வரும் அந்த மயான அமைதியில்தான் பலர் பாட்டிலைக் கழுவி வைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் அம்மா என்னைக் கேட்காமலே ஒரு ஸ்பூன் ராகி மாவைப் போட்டுக் கிளறி வைத்திருந்தார். கோபம் வந்தது. ஆனால் ஏழாம் நாள் மாவு நாலு மணி நேரத்தில் இரட்டிப்பானது, வாசம் லேசாகக் கள் மாதிரி. ராகியால்தானா, தானாகவே வந்ததா என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

முதல் பிரட்டை வறட்டி என்று சொன்னால் வறட்டிக்கு அவமானம். யூடியூபில் பார்த்தபடி மைதா 400 கிராம், தண்ணீர் 300, ஸ்டார்ட்டர் 80, உப்பு 8. பிசைந்து ஐந்து மணி நேரம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மூடியைத் திறந்தால் மாவு தோசைக்குக் கரைத்தது போல நெகிழ்ந்து கிடந்தது. கையில் எடுத்தால் விரல் இடுக்கில் வழிகிறது. தப்பு எங்கே என்று பிடிபட இன்னும் இரண்டு பிரட் வீணானது. அந்தக் குறிப்பு 24 டிகிரி சமையலறைக்கு எழுதியது. பங்குனியில் எங்கள் சமையலறை 33 டிகிரி. அவர்கள் ஊரில் ஐந்து மணி நேரத்தில் நடப்பது இங்கே இரண்டரையில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் அமிலம் குளூட்டனைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இங்கேதான் அம்மாவின் கை உதவியது. கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார் என்றார். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் இன்னும் பொறு. வரவே இல்லையென்றால் கதை முடிந்தது. பிரட்டுக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. ஆனால் அம்மா சொன்னதெல்லாம் சரியில்லை. உப்பை ஸ்டார்ட்டரிலேயே போட்டு வை, இட்லி மாவுக்கு அப்படித்தானே என்றார். போட்டேன். ஒரு நாள் முழுக்க மாவு மந்தமாகவே கிடந்தது.

நாலாவது பிரட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். மைதா 300, கோதுமை மாவு 100, தண்ணீர் 270, அதுவும் பிரிட்ஜ் தண்ணீர். ஸ்டார்ட்டர் பாதி, 40 கிராம். நம் மைதா அவர்களுடைய பிரட் மாவு அளவுக்குத் தண்ணீர் தாங்காது, குறைத்ததும் கைக்கு அடங்கியது. அரை மணிக்கு ஒருமுறை இழுத்து மடிப்பது, நாலு தடவை. மூன்று மணி நேரத்தில் உருட்டி, துணி விரித்த கூடையில் போட்டு ராத்திரி பிரிட்ஜில். காலையில் ஓ.டி.ஜி. என்ற கரண்ட் அடுப்பை 230 டிகிரியில் வைத்து, இரும்புச் சட்டியை மூடியோடு அரை மணி நேரம் காயவிட்டு, பிளேடால் ஒரு கீறல் போட்டு உள்ளே இறக்கினேன். மூடி போட்டு 25 நிமிஷம், அந்த ஆவியில்தான் மாவு எழும்பும். மூடி இல்லாமல் இன்னும் 15 நிமிஷம். பாதியில் கரண்ட் போய்விடுமோ என்று பயந்துகொண்டே நின்றேன். போகவில்லை.

வெளியே எடுத்து வைத்ததும் மேல் ஓடு படபடவென்று மெல்லச் சத்தம் போட்டது. உப்புக்கடலை பொரியும் சத்தத்தைத் தூரத்தில் கேட்ட மாதிரி. சூட்டோடு அறுக்கக் கூடாது, உள்ளே பிசுபிசுக்கும் என்று தெரிந்தும் பையன் விடவில்லை, ஓரத்தைப் பிய்த்தான். "இட்லி வாசம் வருதுப்பா" என்றான். பாராட்டா புகாரா என்று இன்னும் தெரியவில்லை.

ராகி கலந்தும் பார்த்தேன், தருமபுரியில் இருந்துகொண்டு அதைச் செய்யாவிட்டால் எப்படி. ராகியில் குளூட்டன் கிடையாது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரைக்கும் நன்றாக வந்தது, நல்ல மண் வாசம், புளிக்குழம்புக்குக்கூடத் தொட்டுக்கொள்ளலாம். முப்பது பங்கு போட்டபோது செங்கல்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மாவும் கரண்டும் சேர்த்துப் பார்த்தால் கடைப் பிரட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான், என் நேரத்தைச் சேர்க்காவிட்டால். சேர்த்தால் பேச்சே வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, சனி ராத்திரி பிசைந்து ஞாயிறு காலை சுடுவது என்று நிலைத்திருக்கிறது. புதன் வரைக்கும் வரும், அதற்குப் பிறகு ஸ்கூலுக்கு இட்லி, சப்பாத்தி. பையனுக்கு ஜலதோஷம் வந்தபோது இந்த ஓட்டைக் கடிக்க முடியாமல் கடைப் பிரட்டையே கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்டார்ட்டர் இப்போது பிரிட்ஜில் இருக்கிறது, வாரம் ஒருமுறை புது மாவும் தண்ணீரும் தீனி. மிச்சமாகும் மாவைக் கொட்ட மனசு வராமல் எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு டப்பாவில் கொடுத்தேன், பிரட் செய்முறையும் எழுதி. இரண்டு நாள் கழித்து டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து, "கோதுமை தோசை மொறுமொறுன்னு வந்துச்சு தம்பி, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.