துளசியை வதக்கும் ஊரில் அம்மாவோடு ஒன்பது நாள்

பாங்காக்கில் இறங்கிய முதல் ராத்திரி நான் சாப்பிட்ட பச்சைக் கறி, அதாவது ‘கிரீன் கரி’ என்ற தாய்லாந்துக் குழம்பு, பாயசம் மாதிரி இனித்தது. ஹோட்டலுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் நிறைய நடமாடும் தெருவில் ஒரு கடை. வாசலில் ஆளுயரப் பலகையில் பாட் தாய் நூடுல்ஸ், பீட்சா, பட்டர் சிக்கன், பர்கர் என்று வரிசையாகப் படங்கள். பசி நேரம், உள்ளே போய்விட்டோம். நான் எல்லாம் சாப்பிடுவேன், அம்மா சுத்த சைவம். ‘வெஜிடேரியன்’ என்று மூன்று தடவை சொல்லித்தான் அவளுக்கு ஃப்ரைடு ரைஸ் வாங்கினேன். நாலாவது வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு காய்ந்த இறால் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

62 வயதில் அவளுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். அந்த வாழைப்பழம் எனக்கு ராத்திரி முழுக்கக் கண்ணிலேயே நின்றது. அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதை அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில்தான் இனிமேல் தேடுவது, அதில் அம்மாவுக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, நாங்கள் தங்கியிருந்த சந்தின் முனையில் ஒரு கூட்டம். ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய பைக் டாக்ஸிக்காரர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அலுவலகப் பெண்கள், பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். ஒரு நீளமான மேசை மேல் பத்துப் பன்னிரண்டு எவர்சில்வர் ட்ரே. ஒவ்வொன்றிலும் ஒரு கறி, அல்லது பொரியல் மாதிரி ஒன்று. மெனு அட்டை கிடையாது. இதற்குப் பெயர் ‘காவ் கேங்’. காவ் என்றால் சோறு, கேங் என்றால் குழம்பு. விரலை நீட்டிக் காட்டினால் போதும், தட்டில் சோறு வைத்து அதன் மேலேயே இரண்டு கறி ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊர்ப் பணத்தில் எனக்கு 60 பாட் ஆனது. விடியற்காலையில் சமைத்ததை வைத்து விற்பார்கள், ட்ரே காலியானால் கடை முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் மேசையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

வேண்டுமென்றே அதே பச்சைக் கறியைக் காட்டினேன். முதல் ராத்திரி சாப்பிட்டதற்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. தேங்காய்ப்பால் திரிந்து, மேலே பச்சை எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. நம் வீட்டில் “எண்ணெய் பிரிஞ்சு வரட்டும்” என்று அடுப்படியில் சொல்வோமே, அதே பக்குவம்தான். கெட்டித் தேங்காய்ப்பாலை அது பிரியும் வரைக்கும் கொதிக்கவிட்டு, அந்த எண்ணெயில்தான் அரைத்த மசாலாவை வதக்குகிறார்கள். முதலில் உறைப்பு, அப்புறம் உப்பு, கடைசியில்தான் கொஞ்சம் இனிப்பு. ‘கேங் கியாவ் வான்’ என்பது இதன் பெயர். ‘வான்’ என்றால் இனிப்பு என்று பொருள் இருந்தாலும், இங்கே அது அந்த இளம்பச்சை நிறத்தின் மென்மையைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். சுற்றுலாத் தெருக் கடைக்காரர்கள் அதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டார்கள் போல.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கறியில மிதக்குறது சுண்டைக்காயாடி?” என்றாள்.

சுண்டைக்காயேதான். வத்தல் இல்லை, பச்சைக் காய். பட்டாணி மாதிரி முழுசாகக் கிடந்தது, கடித்தால் பல்லில் வெடித்தது. அந்தக் கேள்விதான் எங்கள் பயணத்தைத் திருப்பிவிட்டது என்று நினைக்கிறேன். நான் கடைகளைத் தேடிக்கொண்டிருந்தேன், அம்மா காய்களைப் பார்த்தாள்.

அதனால் அன்றைக்குப் போவதாக இருந்த அரண்மனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, மெட்ரோ ஏறி கம்பேங் பெட் ஸ்டேஷனில் இறங்கினோம். சட்டுசாக் வாரச் சந்தைக்கு எதிரில் ஓர் தோர் கோர் சந்தை. விவசாயிகளுக்கான சந்தை அமைப்பு ஒன்றின் தாய்லாந்து மொழிச் சுருக்கம்தான் அந்தப் பெயர். மற்ற சந்தைகளை விட விலை கூடுதல், ஆனால் தரை பளிச்சென்று இருக்கும். சமையலறைக்குள் நுழையாமலே ஒரு நாட்டின் சமையலறையைப் பார்க்க இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அம்மா அங்கே ஒன்றரை மணி நேரம் நடந்தாள், கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய். பேரரத்தை, நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாகப் பார்த்ததை இங்கே இளஞ்சிவப்பு முளையோடு ஈரமாகப் பார்த்தாள். ரம்பை இலைக் கட்டு. எலுமிச்சைப்புல். வேப்பிலைக்கட்டிக்குப் போடும் நாரத்தை இலையின் வாசனையோடு, நடுவில் இடுப்புச் சிறுத்த ஓர் இலை. அதுதான் டாம் யம் சூப்பில் மிதப்பது. கொத்தமல்லியை வேரோடு கட்டி வைத்திருந்தார்கள். நாம் கிள்ளிப் போடும் அந்த வேரைத்தான் பூண்டோடும் வெள்ளை மிளகோடும் இடித்து அவர்கள் சமையலில் பாதிக்கு அடித்தளம் போடுகிறார்கள். அம்மா வேரை முகர்ந்து பார்த்துவிட்டு, “இத்தனை வருஷமா இதைக் குப்பையில போட்டிருக்கேன்” என்றாள்.

அடுத்த கடையில் மூன்று குவியலாக இலை. ஒன்று திருநீற்றுப்பச்சிலைச் சாதி, ‘ஹோரபா’ என்கிறார்கள், பச்சைக் கறிக்குப் போடுவது. இன்னொன்றில் எலுமிச்சை வாசம். மூன்றாவதை அம்மா கையில் எடுத்ததுமே தெரிந்துகொண்டாள். துளசி.

தாய்லாந்தின் அன்றாடச் சாப்பாடு எது என்று கேட்டால் நான் பாட் தாயைச் சொல்ல மாட்டேன். அதைத் தேசிய உணவாக முன்னிறுத்தியது பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசு, சயாம் தாய்லாந்து என்று பெயர் மாறிய 1939ஐ ஒட்டிய காலத்தில். நூடுல்ஸை வாணலியில் பிரட்டும் முறை சீனாவிலிருந்து வந்தது. நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்ன சாப்பிடுவது என்று யோசிக்கவே நேரமில்லாத தாய்லாந்துக்காரர் வாயில் தானாக வருவது ‘பட் கப்ராவ்’. கப்ராவ்தான் துளசி. “சொல்வதைச் செய்து தருவோம்” என்ற பொருளில் ‘ஆஹான் தாம் ஸங்’ என்று பலகை மாட்டிய சின்னக் கடைகளில் கிடைக்கும். ஓர் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு ஆள்.

அப்படி ஒரு கடையில் அடுப்பை ஒட்டி நின்று பார்த்தேன். பூண்டையும் பச்சைமிளகாயையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து எண்ணெயில் போட்டார் அந்த அக்கா. இரண்டே விநாடி, கடையில் இருந்த எல்லோரும் தும்மினோம். கொத்திய கறி, மீன் சாஸ், துளி சர்க்கரை. அடுப்பை அணைத்த பிறகு இரண்டு கை நிறையத் துளசியை அள்ளிப் போட்டு ஒரே பிரட்டு. இலை சுருங்கியதும் சோற்றின் மேல் கொட்டி, ஓரம் மொறுமொறுவென்று பொரிந்த முட்டையை மேலே வைத்தார். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் வரும் அதே காரமான வாசனை, பூண்டோடும் மிளகாயோடும் சேர்ந்து தட்டிலிருந்து எழும்புகிறது.

வெளியே நின்றிருந்த அம்மா முகத்தைச் சுளித்தாள். “பெருமாளுக்குச் சாத்துறதைப் போயி...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அவங்க ஊர்ல அது கீரை” என்றாள்.

தாய்லாந்துக்கு வெளியேயும், தாய்லாந்திலேயே சுற்றுலாத் தெருக்களிலும், துளசிக்குப் பதில் ஹோரபாவைப் போட்டு, வெங்காயம், பேபி கார்ன், காரட் என்று நிரப்பிக் கொடுப்பார்கள். நான் இப்போது எந்தத் தாய்லாந்து உணவகத்துக்குப் போனாலும் முதலில் கப்ராவ் சொல்லிப் பார்க்கிறேன். வாசனையிலேயே கடை தெரிந்துவிடும். காரம் சொல்லும்போது “பெட் பேப் கோன் தாய்” என்று சொல்லிப் பாருங்கள். தாய்லாந்துக்காரர்கள் சாப்பிடுகிற காரம் என்று அர்த்தம். நம் முகத்தைப் பார்த்ததும் குறைத்துவிடும் மிளகாய் திரும்பி வந்துவிடும்.

நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் கையேடு பாங்காக்குக்கு முதல் தடவையாக 2017 டிசம்பரில் வெளியானது. அதில், பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் ஜே ஃபாய் என்ற சமையல்கார அம்மாவின் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அந்தக் கடைக்கு நாங்கள் போகவில்லை. ஒரு கடை வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில் நாலு சந்து நடக்கலாம் என்பது என் கணக்கு.

இனி அம்மாவின் சாப்பாடு. ‘வெஜிடேரியன்’ என்ற சொல் அங்கே உதவாது. கறித்துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நினைப்பவர்கள் உண்டு, மீன் சாஸும் கப்பி என்ற இறால் விழுதும் அவர்கள் கணக்கில் உப்பு மாதிரி. உதவும் சொல் ‘ஜே’. சீனர்கள் வழியாக வந்த வழக்கம் இது. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘17’ என்ற எண் மாதிரி ஒன்று தெரிந்தால் அதுதான் ஜே என்ற தாய்லாந்து எழுத்து. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நாடெங்கும் அந்தக் கொடி பறக்கும். மற்ற நாட்களிலும் சந்தைப் பக்கம் தேடினால் ஒன்றிரண்டு கடை நிச்சயம் இருக்கும்.

நாங்கள் தேடியது மூன்றாம் நாள் கிடைத்தது. அதே ட்ரே, அதே விரல் நீட்டல், ஆனால் எல்லாமே ஜே. இறைச்சி மாதிரியே செய்த சோயாவை அம்மா தொடவில்லை, பார்க்கவே ஒரு மாதிரி இருந்ததாம். பூசணிக்காயும் டோஃபுவும் போட்ட கறி, கீரை, காளான். கடைக்கார அம்மாவுக்கு எங்கள் மொழி தெரியாது, அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. மறுநாள் போனபோது அவர் “கின் காவ் ரு யாங்?” என்றார். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், அவர்கள் வணக்கத்துக்குப் பதிலாகவும் இதைத்தான் கேட்பார்கள் என்று சொன்னேன். “நம்ம ஊர் மாதிரியேதான்” என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டுமென்றாலும் பாங்காக்கில் பீட்சாவைத் தேடாதீர்கள். பாக் க்லோங் பூச்சந்தைப் பக்கமிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் குடி சீன். போர்த்துகீசிய வழித்தோன்றல்கள் வாழும் பகுதி, சாந்தா க்ரூஸ் தேவாலயத்தைச் சுற்றிக் குறுகலான சந்துகள். அங்கே ‘கனோம் ஃபராங்’ என்று ஒரு கேக் சுடுகிறார்கள். வாத்து முட்டை, மைதா, சர்க்கரை, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது. மேலே சீனர்களின் பூசணி மிட்டாயும் காய்ந்த திராட்சையும். ஐரோப்பியக் கேக்குக்குச் சீன அலங்காரம், சுடுவது தாய்லாந்தில். ஓரம் மொறுமொறுப்பாக, சூடாக வாங்கி ஆற்றங்கரையில் தின்றேன்.

அப்புறம் இரவு ரயிலில், நாட்டின் வடக்கே இருக்கும் சியாங் மாய். அங்கே போனது காவ் சோய்க்காக. சீனாவின் யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி வந்த சீன முஸ்லிம் வணிகர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் உணவு அது. இரவுச் சந்தைக்குப் பக்கத்தில், பான் ஹாவ் பள்ளிவாசல் இருக்கும் சந்தில் சாப்பிட்டேன். மஞ்சள் தூக்கலான தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், அதே நூடுல்ஸைப் பொரித்து மேலே ஒரு கைப்பிடி. கூடவே ஊறவைத்த கடுகுக்கீரை, பச்சைச் சின்ன வெங்காயம், எலுமிச்சை. முதல் வாய் அப்படியே, இரண்டாவது எலுமிச்சை பிழிந்து, மூன்றாவது அந்தக் கீரையோடு. ஒவ்வொன்றும் வேறு சாப்பாடு.

ஊர் திரும்பும் நாள் காலையில் வாரோரோட் சந்தைக்குப் போனோம். நடைபாதையில் ஒரு பாட்டி, கரி அடுப்பு, அதன் மேல் குழிகள் உள்ள கனமான வட்டக் கல். அம்மா நின்றுவிட்டாள். “பணியாரக்கல்!”

கனோம் க்ரோக் என்று பெயர். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்துக் குழியில் ஊற்றி, ஓரம் வெந்ததும் இன்னும் கெட்டியான தேங்காய்ப்பாலை நடுவில் ஊற்றுகிறார்கள். உப்பும் இனிப்பும் சேர்ந்தது. திருப்பிப் போடுவதில்லை. கரண்டியால் ஓரத்தைச் சுற்றிக் கிளப்பி, இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒன்றாக ஒட்டி வாழையிலைத் தொன்னையில் வைக்கிறார்கள். “ஜே?” என்று கேட்டேன். பாட்டி தலையாட்டினார்.

அம்மா ஒன்றை வாயில் போட்டு, நாக்கு சுட்டு, கண்ணில் நீர் வர விழுங்கினாள். உடனே இன்னொன்றை எடுத்தாள். பிறகு கையைக் கம்பி மாதிரி நீட்டி, நம் ஊரில் குத்தித் திருப்புவோம் என்று பாட்டிக்குச் செய்து காட்டினாள். பாட்டி சிரித்துக்கொண்டே தன் கரண்டியை அவளிடம் நீட்டினார். என் அம்மா அந்த நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, முதல் குழியின் ஓரத்தில் கரண்டியை மெல்ல நுழைத்தாள்.