பிராண்டைப் பார்த்து மினிவேன் வாங்குகிறவர்களுக்கு

"ஹோண்டாவா? கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று அமெரிக்காவில் யாராவது சொன்னால், எந்த வருட மாடல் என்று முதலில் கேளுங்கள். 1999 முதல் 2001 வரை வந்த ஹோண்டாவின் ஒடிசி மினிவேன்களில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அவ்வளவு தகராறு செய்ததால், அதற்கான வாரண்டியையே 7 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். அடுத்து 2004-இல் சுமார் 11 லட்சம் வண்டிகளைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். 2002 முதல் 2004 வரையான ஒடிசியும் அதில் உண்டு. இரண்டாவது கியர் சூடேறி, பல் உடைந்து, ஓடும்போதே கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளலாம் என்பதுதான் பயம். 15,000 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டிகளில் அந்தக் கியருக்குக் கூடுதல் ஆயில் போக வழி செய்தார்கள். அதற்குமேல் ஓடியவற்றில் கியரின் நிறம் மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். இத்தனைக்கும் எஞ்சின் நல்ல எஞ்சின்!

"என் மச்சான் வண்டி 2 லட்சம் மைல் ஓடியது" என்பார்கள். ஓடியிருக்கும். அது அந்த ஒரு வண்டியின் ஜாதகம், அவ்வளவுதான். பழைய வண்டி பார்க்கப் போனால் டயரை உதைத்துப் பார்ப்பதை விடுங்கள். எஞ்சின் சூடான பிறகும் ஓட்டிப் பாருங்கள், கியர் மாறும்போது வழுக்குகிறதா என்று. கியர் ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் பேரமே பேசாதீர்கள். அப்புறம், திரும்ப அழைத்த வேலை முடிந்ததற்கான ரசீதையும் கேளுங்கள்.