வடதுருவ ஒளி பார்க்கக் கிளம்பும் டெல்டாக்காரர்களுக்கு

கும்பகோணம், மாயவரம் பக்கமிருந்து இரவு வானில் பச்சையாகத் தெரியும் வடதுருவ ஒளியை (அரோரா) பார்க்க நார்வேயின் ட்ரொம்சோ நகருக்குக் குழுவாகப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்வெட்டர் வேணும்?" கேள்வியே தப்பு. வில்லன் பருத்தி பனியன். வேர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். வேனை விட்டு இறங்கி நின்றால் கொஞ்ச நேரத்தில் நடுக்கம். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. சாக்ஸை இரண்டாகத் திணித்து பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்வது கேபி (Kp) எண். ட்ரொம்சோவில் அது 2 இருந்தாலே ஒளி தெரியும். ஆனால் மேகம் மூடினால் 6 வந்தும் பிரயோஜனமில்லை. அதனால்தான் வழிகாட்டி தெளிந்த வானம் தேடிப் பின்லாந்து எல்லை தாண்டியும் ஓட்டுவார். பாஸ்போர்ட் பையிலேயே இருக்கட்டும். கடலோரத்தில் மைனஸ் 5 என்றால் கடலை விட்டுத் தள்ளிய உள்நாட்டில் மைனஸ் 20க்கும் கீழே போகலாம். மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றும் ஊர் நம்முடையது!

மங்கலான ஒளி கண்ணுக்குச் சாம்பல் மேகம் போலத்தான் இருக்கும். சந்தேகமா, போனில் நைட் மோடில் ஒரு படம் எடுங்கள். பச்சை விழுந்தால் அதுதான்.

கேமராவுக்கு ட்ரைபாட் கட்டாயம். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 5 முதல் 10 நொடி. ஆட்டோஃபோகஸ் இருட்டில் திணறும்; திரையில் நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். உபரி பேட்டரி உள்சட்டைப் பையில். திரும்பி வேனுக்குள் ஏறுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீர்ச் சொம்பு மாதிரி லென்ஸ் வேர்த்துவிடும்.