ரோசா பஸ்ஸுக்குப் பின்னால் மாருதி: இதுவரை நடந்தது

பாசிக்குடாவில் இரண்டு நாள் பஸ்ஸிலேயே தங்கியபோதுதான் இந்த யோசனை வந்தது. பழைய ரோசாவின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டாங்கி எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் வாழைச்சேனைக்குப் போய் ஒரு கிலோ மீன் வாங்க வேண்டுமென்றால் பாயைச் சுருட்டி, சட்டி பானையை அடுக்கி, வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். முற்றத்தில் ஒரு மாருதி 800 சும்மாதானே நிற்கிறது, அதைப் பின்னால் கட்டி இழுத்தால் என்ன?

மாருதி மனுவல் கியர் என்பதால்தான் துணிந்தேன். நியூட்ரலில் விட்டால் சக்கரத்தோடு சுற்றும் பற்கள் எண்ணெயில் தோய்ந்து தாமே வாரி இறைத்துக்கொள்ளும். ஓட்டோமேட்டிக்கில் எண்ணெய் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும், நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்தால் கியர் பொக்ஸ் காய்ந்து கருகிவிடும். மச்சான் தன் ஓட்டோமேட்டிக் காரைத் தருகிறேன் என்றான், கும்பிடு போட்டுவிட்டேன்.

காரை பஸ்ஸோடு இணைக்கும் இரும்புப் பாரை காரில் எங்கே பூட்டுவது என்பதில் ஒரு வாரம் போனது. காத்தான்குடியில் வெல்டிங் செய்யும் காக்கா காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பூட்டி இழுத்தா பம்பர் மட்டும்தான் கூட வரும், மறுகா என்னட்ட வந்து அழக்கூடாது" என்றார். இந்தக் காருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகட்டை மடித்துப் பெட்டி போல் செய்த இரண்டு கால்கள்தான் முன்பக்கத்தைத் தாங்குகின்றன. அதில் ஓட்டை போட்டு பொல்ட்டை முறுக்கினால் பெட்டி நசுங்கும், அதனால் உள்ளே பைப் துண்டு வைத்து அதற்குள் பொல்ட்டை விட்டோம். பார் 'ஏ' எழுத்து வடிவம், கார் பக்கம் இரண்டு கீல், பஸ் பக்கம் ஒரே இரும்பு முளை. இரண்டு சங்கிலிகளைப் பாருக்குக் கீழே குறுக்குமறுக்காகப் போட்டோம், முளை கழன்றாலும் பாரின் மூக்கு தாரில் குத்தாமல் சங்கிலியில் விழும்.

சாவியை ஒரு சொடுக்குத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டேன். லைட்டுக்குக் காரின் வயரைத் தொடவில்லை. ஒரு பலகையில் இரண்டு த்ரீவீலர் பின் லைட்டைப் பூட்டி, காரின் பின்னால் கட்டி, வயரை பஸ்வரை இழுத்தேன். மகனிடம் "பிரேக்கை மிதி" என்றேன். வெள்ளையாக ஒரு பளிச், பிறகு இருட்டு. ரோசாவில் இரண்டு பற்றரியும் தொடராகக் கொடுத்து 24 வோல்ட், த்ரீவீலர் பல்போ 12. இது தெரியாத விஷயமா? தெரியும், அன்றைக்கு மறந்துபோனது. லொறிக்குப் போடும் 24 வோல்ட் பல்ப் அதே ஹோல்டரில் அப்படியே ஏறியது.

ஞாயிறு விடிய நாவற்குடாவிலிருந்து தெற்கே, 40க்கு மேல் போகாமல். கார் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வந்தது. காத்தான்குடியில் ரோட்டு நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைக் கடக்கும்போதுதான் வயிறு கலங்கியது. கிரான்குளத்தில் நிறுத்தி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், பின் இடது சக்கரம் மட்டும் சுட்டது, கை பிரேக் முழுதாக விடவில்லை.

திரும்பி வரும்போது முட்டுச் சந்து ஒன்றில் நுழைந்து, கொஞ்சம்தானே என்று ரிவர்ஸ் எடுத்தேன். முன்னே இழுக்கும்போது தானாக நேராகும் முன் சக்கரங்கள், பின்னே தள்ளியதும் ஒரேயடியாக ஒரு பக்கம் திரும்பி மடங்கிக்கொண்டன, பார் 'டக்' என்றது. பாரின் வலது கால் இரண்டு விரல் அளவு வளைந்துவிட்டது. இனி ரிவர்ஸ் என்றால் முளையைக் கழற்றி, காரைக் கையால் தள்ளிவிட்டுத்தான். 650 கிலோ அளவுதான், நானும் மகனும் போதும்.

மிச்சம் இருப்பது பிரேக். பஸ்ஸை அழுத்தி நிறுத்தினால் கார் முதுகில் இடிப்பது நன்றாகவே தெரிகிறது. பார் சற்று உள்ளே வழுக்கி, அந்தத் தள்ளலிலேயே ஒரு கேபிள் காரின் பிரேக் பெடலை இழுக்கும்படி செய்ய முடியும் என்று காக்கா சொல்கிறார். அறுகம்பைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வீட்டில் வாய் விட்டிருந்தேன். கேபிள் பூட்டும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.