தாத்தாவோட ஆட்டுக் கணக்கு நோட்டு

என் வீட்டுக்காரரோட தாத்தா ஸ்காட்லாந்துல இருந்து நியூசிலாந்துக்குப் பொழைக்க வந்தவரு, வந்த கொஞ்ச நாள்லயே முதல் உலகப்போர்ல சேந்து துருக்கில இருக்குற கல்லிப்போலில அடிபட்டு திரும்பி, போருக்குப் போனவங்களுக்கு நிலம் குடுக்குற 1915 சட்டத்துல நிலம் வாங்கி கடைசி வரைக்கும் செம்மறி ஆடு வளத்தாரு. அவரோட தகரப்பெட்டிய போன வருஷம் மாமியார் என்கிட்ட குடுத்து, ஒழுங்குபண்ணி லைப்ரரில சேத்துடும்மான்னு சொன்னாங்க.

முதல்ல ராணுவ ஃபைல் தேடினேன், அவர் பேர்லயே நிறைய பேர் இருக்காங்க, யாருன்னே தெரியல. அப்புறம் மெடலோட விளிம்ப லென்ஸ் வச்சு பாத்தா 10/னு ஆரம்பிக்கிற நம்பர், அது வெலிங்டன் காலாட்படைக்கு உள்ளது. அந்த நம்பர போட்டதும் அந்த நாட்டு அரசு ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ்ஸ் நியூசிலாந்து சைட்ல மொத்த ஃபைலும் ஸ்கேனா ஃப்ரீயாவே கிடைச்சுது. உங்க வீட்ல மெடல் இருந்தா தயவுசெஞ்சு பாலிஷ் போட்டு தேய்க்காதீங்க, எழுத்து மழுங்கிடும்.

காகிதங்கள இருந்த வரிசை மாத்தாம துருப்பிடிச்ச குண்டூசிய மட்டும் மெதுவா எடுத்தேன், குறிப்பு எழுத பென்சில்தான், செல்லோடேப் கூடவே கூடாது. ஒரு லெட்டர மட்டும் நல்லதுன்னு நெனச்சு கடைல லேமினேட் பண்ணிட்டேன், அத இனி பிரிக்கவே முடியாதாம், இப்பவும் மனசு ஆறல.

ஆட்டுக் கணக்கு நோட்டுங்கள வேண்டாத குவியல்ல போட்டிருந்தேன். லைப்ரரி அம்மா எதையும் தூக்கிப் போடாதீங்கன்னு சொன்னதால திரும்ப எடுத்துப் பாத்தேன். ஆட்டு ரோமத்துல இருக்குற எண்ணெய்ப் பிசுக்கு ஏறி பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு, பிசுக்கு பட்ட எடத்துல பென்சில் வழுக்கி எழுத்து பாதிதான் விழுந்திருக்கு. ஆகஸ்ட் அங்க குட்டி போடுற காலம், தினம் எத்தன பொறந்துச்சு எத்தன செத்துச்சுன்னு எழுதியிருக்காரு, ஆனா எந்த வருஷ நோட்ட எடுத்தாலும் ஆகஸ்ட் 8 மட்டும் தேதி போட்டு வெறுமையா விட்டிருக்காரு. 1915 ஆகஸ்ட் 8 கல்லிப்போலில நடந்த சுனுக் பயர் மலைச் சண்டை, மேல போன வெலிங்டன் பட்டாளத்துல 760 பேர்ல பெரிய காயமில்லாம மிஞ்சினது 70 பேர்கிட்டதான். அவர் தன்னோட அம்மாவுக்கு எழுதின லெட்டர்ல "நல்லா இருக்கேன்"னு மட்டும்தான் இருக்கு.

லைப்ரரியோட போடுற ஒப்பந்தத்துல காப்புரிமை குடும்பத்துக்கேன்னு கேட்டு எழுதி வாங்குங்க, பெட்டிய குடுத்தா அதுவும் சேந்து போயிடாது, ஆனா தெளிவா எழுதிக்கறது நல்லது. ரெண்டு லெட்டர மாமியார் காலத்துக்கு அப்புறம்தான் தெறக்கணும்னு கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க. பெட்டிய குடுக்குறதுக்கு முந்தின ராத்திரி ஒரு நோட்ட மட்டும் மாமியார் தன் தலைமாட்டுல வச்சுக்கிட்டாங்க.