செக்: ஒரு ராஜாவும் ஒரு கட்டப்பலகையும்

அரசியல் சட்டம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'சரிபார்ப்புகளும் சமநிலைகளும்' என்ற தொடர் கண்ணில் படுவதுண்டு. 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்பதன் மொழிபெயர்ப்பு அது. தவறான மொழிபெயர்ப்பு. ஓர் அமைப்பு எல்லை மீறினால் இன்னொன்று குறுக்கே நின்று தடுக்கும் ஏற்பாட்டைத்தான் அந்த ஆங்கிலத் தொடர் சொல்கிறது. அங்கே செக் என்றால் தடை. சரிபார்த்தல் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏறியது வெகு காலம் கழித்து. எந்தப் பொருள் முன்னால் வந்தது, எது அதிலிருந்து கிளைத்தது என்பது தெரிந்துவிட்டால் இந்தச் சறுக்கல் நேராது.

சொல் பிறந்த இடம் சதுரங்கப் பலகை. பாரசீகத்தில் ஷா என்றால் அரசன். எதிராளியின் ராஜாவைக் குறிவைத்துக் காயை நகர்த்தியவர் 'ஷா' என்று குரல் கொடுத்து எச்சரிப்பார். அந்தக் குரல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், லத்தீனில் ஸ்காக்கஸ் ஆகி, பழைய பிரெஞ்சில் எஸ்செக் ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் செக் ஆனது. எஸ்செக் என்பதன் பன்மை வடிவத்திலிருந்து வந்ததுதான் செஸ். ஆக, செஸ் என்பது செக்கின் பன்மை. 'ராஜாக்கள்' என்பது அந்த விளையாட்டின் பெயர். ஜெர்மன்காரர்களின் ஷாக், இத்தாலியரின் ஸ்காக்கி, ரஷ்யரின் ஷாக்மத்தி எல்லாமே இந்த ஷாவின் வாரிசுகள். ஸ்பானிஷ்காரர்களோ 'அஹெத்ரெஸ்' என்கிறார்கள். அது நம் சதுரங்கம், பாரசீகச் சத்ரங்காகி, அரபு ஷத்ரஞ்சாகி, அங்கே போய்ச் சேர்ந்த உருவம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படை உறுப்புகளின் பெயர் ஸ்பெயினில் இன்னும் வாழ்கிறது. ஷாவும் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. 'ஆளுதல்' என்ற பொருளுடைய பழைய இந்தோ-ஈரானிய வேர் ஒன்றிலிருந்து அந்தப் பக்கம் ஷா பிறந்தது; இந்தப் பக்கம் சமஸ்கிருதத்தின் க்ஷத்ரம் பிறந்தது. தமிழில் சத்திரியர் என்கிறோமே, அதுதான்.

செக்மேட் என்பதற்கு 'அரசன் இறந்தான்' என்று பொருள் சொல்வது வழக்கம். அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குத் திகைத்துச் செயலற்று நிற்பது என்று பொருள். ஆட்டத்தின் விதிக்கு இதுவே பொருந்துகிறது. சதுரங்கத்தில் ராஜா வெட்டுப்படுவதே இல்லையே. போக வழியில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடும்.

தடை என்ற பொருள் எப்படி வந்தது என்பதற்கு, செக் சொல்லப்பட்ட கணத்தில் பலகையைப் பார்த்தால் போதும். ஆட்டக்காரரின் எல்லாத் திட்டங்களும் நின்றுவிடும். மூன்றே வழிகள்: ராஜாவை நகர்த்தலாம், தாக்கும் காயை வெட்டலாம், நடுவே ஒரு காயை வைத்து மறைக்கலாம். தாக்குவது குதிரை என்றால் மறைக்கவும் முடியாது. ஒரே நகர்வில் இரண்டு காய்கள் சேர்ந்து தாக்கினால் அதற்கு டபுள் செக் என்று பெயர். அப்போது ராஜாவை நகர்த்துவது ஒன்றே வழி. 'டபுள் செக் பண்ணு' என்று நாம் அலுவலகத்தில் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'எதிரணிக்கு செக்', 'செக் வைத்தார்' என்று தமிழ் நாளிதழ்கள் தலைப்புப் போடுகிறபோது, சொல்லின் ஆதிப் பொருளை அப்படியே பிடித்திருக்கின்றன.

பட்டறையிலும் இந்தப் பழைய பொருள்தான் ஆள்கிறது. செக் நட் என்பது ஒரு நட்டின் மேல் இறுக்கும் இரண்டாவது நட்டு. அதிர்வில் முதல் நட்டு கழன்றுவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஒரு ஸ்பேனரால் ஒரு நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் மற்றதை அதற்கு எதிராக இறுக்க வேண்டும். பிடிக்காமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்தே சுற்றும், பூட்டு விழாது. செக் வால்வு தண்ணீரை ஒரு திசையில் விட்டு மறுதிசையில் தடுக்கும். வால்வின் மேல் பொறித்த அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பி மாட்டினால் மோட்டார் ஓடும், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் ஏறாது. செக் டேம் என்பதற்குத் தடுப்பணை என்று பெயர் வைத்தவர்கள் மிகச் சரியாக வைத்தார்கள். ஓடையின் வேகத்தைத் தடுத்து நிறுத்தி, நீரை நிலத்துக்குள் இறங்கவிடுவதுதானே அது.

இது ராஜாவின் கிளை. இன்னொரு கிளை பலகையிலிருந்து, அதன் கட்டங்களிலிருந்து புறப்பட்டது. எனக்கு இதுதான் கதையின் மிகச் சுவையான பகுதி.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் எஸ்செக்கியே என்று பெயர். இங்கிலாந்து அரசின் வரவு செலவைப் பார்த்த கருவூலத்துக்கு அதே பெயர் விழுந்தது. அங்கே கணக்குப் பார்த்த மேசைதான் காரணம். 12ஆம் நூற்றாண்டில் அந்தக் கருவூலத்துக்குப் பொறுப்பாயிருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், கேள்வி பதிலாக எழுதிய நூலில் மேசையை அளவு சகிதம் வர்ணிக்கிறார். நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. மேலே வைப்பது உருண்டு விழாமலிருக்க நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே விரிப்பது கறுப்புத் துணி, அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு நடுவே வட்டுக்களை வைத்து எண்ணுவார்கள். வலப்புறக் கடைசியில் பென்ஸ், அடுத்து ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று இடப்புறமாக வளரும். 243 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்ஸ் என்றால், நூறில் 2 வட்டு, இருபதில் 2, பவுண்டில் 3, ஷில்லிங்கில் 7, பென்ஸில் 5. ரோமன் எண்களில் கழித்தல் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தத் துணியின் அருமை புரியும். ஒன்றுமில்லாத இடம் வெற்றாகவே கிடக்கும், பூஜ்யம் என்ற எண்குறி இல்லாமலே கணக்கு ஓடும். மாவட்ட வரியை வசூலித்த ஷெரிஃப் வந்து உட்காருவார். அவர் கட்ட வேண்டியதை ஒரு வரிசையிலும் கட்டியதைக் கீழ்வரிசையிலும் அடுக்கி, மேலிருந்து கீழைக் கழிப்பார்கள். இது பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடக்கும் சதுரங்கப் போர் என்று ஃபிட்ஸ்நீலே சொல்கிறார்.

இந்த மேசைதான் எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்றே அழைக்கிறார்கள். முன்னால் உள்ள 'எக்ஸ்' ஒரு பிழை. பிரெஞ்சின் 'எஸ்' லத்தீன் 'எக்ஸ்' தேய்ந்து வந்தது என்று நினைத்துப் பிற்காலத்தில் திருத்திவிட்டார்கள்.

இரண்டு கிளைகளும் சந்தித்த இடம் நம் கைப்பையில் இருக்கும் வங்கிச் செக். தடுத்தல் என்ற பொருளிலிருந்து, தவறைத் தடுக்க ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுதல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்தது. 1696இல் இங்கிலாந்துக் கருவூலம் எக்ஸ்செக்கர் பில் என்ற கடன் பத்திரங்களை வெளியிடத் தொடங்கியது. பத்திரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு அடிக்கட்டையை வைத்துக்கொள்வார்கள். பத்திரம் திரும்பி வரும்போது இரண்டையும் பொருத்திப் பார்த்தால் போலி அகப்பட்டுவிடும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்று பெயர் பெற்றது அந்த அடிக்கட்டைதான். பிறகு அடிக்கட்டையோடு அச்சான பணவோலைக்கே அந்தப் பெயர் தாவியது. எழுதிக் கொடுத்துப் பணம் எடுக்கும் வழக்கம் அதற்கு முந்தியது. 1659இல் 400 பவுண்டுக்கு எழுதிய லண்டன் ஓலை ஒன்று கிடைத்திருக்கிறது. பெயர்தான் பின்னால் வந்தது. எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டல் இதன்மேல் சாய்ந்ததில், சொல்லின் வால் 'க்யூ-யூ-இ' ஆனது. அமெரிக்கர் அந்த வாலை ஏற்காமல் 'சி-கே' என்றே முடிக்கிறார்கள். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் எழுத்தைப் பின்பற்றுகிறது. வங்கிக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் பணத்துக்கு 'க்யூ-யூ-இ', சரிபார்ப்புக்கு 'சி-கே' என்று பிரித்து எழுதுவது இங்கே முறை.

செக் இலையைக் கிழிக்கும் முன் அடிக்கட்டையில் நாள், பெயர், தொகை மூன்றையும் எழுதும் பழக்கம் அருகி வருகிறது. அந்தக் கட்டையால்தான் இதற்குப் பெயரே வந்தது என்பதற்காகவாவது எழுதலாம். தமிழின் காசோலை என்ற சொல் இதற்கு வெகு பொருத்தம். அடிக்கட்டையின் ஆங்கிலப் பெயரான கவுண்டர்ஃபாயிலில் உள்ள 'ஃபாயில்', லத்தீனில் இலை என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே இலை, இங்கே ஓலை.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டம் போட்ட சட்டை செக் சட்டையானது பலகையின் தோற்றத்தால். நம் ஊர்க் கட்டத்துணி மெட்ராஸ் செக் என்ற பெயரில் உலகம் சுற்றியது. 'செக்கர்டு கேரியர்' என்று ஒருவரின் வாழ்க்கையை வர்ணித்தால், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கட்டங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றமும் சறுக்கலும் கலந்த வாழ்க்கை என்பதே தமிழ். செக் நாட்டுக்கும் எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே.

மொழிபெயர்ப்பவர் செய்யக்கூடியது, 'எதைத் தடுக்க?' என்ற கேள்வியை முதலில் கேட்பது. 'அன்செக்டு குரோத்' என்பது சரிபார்க்கப்படாத வளர்ச்சியல்ல, கட்டுக்கடங்காத வளர்ச்சி. 'கீப் இன் செக்' என்றால் கட்டுக்குள் வைத்திரு. இவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது விமான நிலையத்தின் 'செக்டு பேகேஜ்'. சரிபார்க்கப்பட்ட பெட்டி என்று எழுதினால், கையில் எடுத்துப் போகும் பையைச் சோதிப்பதில்லையா என்ற குழப்பம் வரும். இங்கே செக் என்பது அடிக்கட்டையின் இன்னொரு பேரன்: பொருளை ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொள்ளும் துண்டுச்சீட்டு. பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் எண்ணும், நம்மிடம் தரும் சீட்டின் எண்ணும் ஒன்றாயிருக்கும். ஆகவே 'ஒப்படைத்த பெட்டி' என்று எழுதினால் போதும்.