இருட்டில் வழி சொல்லும் துணி கிளிப்புகள்

ஜிபிஎஸ் பார்த்து, யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடுவதுதான் ஜியோகேச்சிங். அதில் ராத்திரி ஆட்டம் தனி ரகம். ஜிபிஎஸ் நம்மைக் காட்டு முனை வரைக்கும்தான் கொண்டுவிடும். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் மின்னும் பொட்டுகளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கம் குடிவந்த பிறகு ஆறேழு தேடி எடுத்துவிட்டேன். நாமே ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது.

பலர் மரத்தில் மின்னும் பின்னைக் குத்திவிடுவார்கள். மரத்தைத் துளைக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. எனக்கும் மனசு வரவில்லை. அதனால் மரத் துணி கிளிப் 14 எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியில் காரில் மின்னும் உடுப்பு ஒன்று வைத்தே ஆக வேண்டும். கிழிந்துபோன பழசு ஒன்று கிடந்தது. அதன் வெள்ளிப் பட்டையை வெட்டி ஒட்டி, பாதையோரக் கிளைகளில் மாட்டினேன்.

முதல் ராத்திரி மகனுடன் போனேன். நெற்றியில் விளக்கு மாட்டியிருந்த எனக்கு அடுத்த கிளிப் பளிச்சென்று தெரிந்தது. டார்ச்சை இடுப்பளவில் பிடித்திருந்த அவன், "ஒண்ணுமே தெரியலப்பா" என்றான். இந்தப் பட்டை, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். 30 மீட்டர் தள்ளி நின்றால், கிளிப்பிலிருந்து பார்க்க நெற்றி விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள கோணம் கால் டிகிரிகூட வராது. இடுப்பில் பிடித்தால் ஒரு டிகிரியைத் தாண்டிவிடும். வெளிச்சம் இடுப்புக்குத்தான் திரும்பிப் போகும். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். "அட!" என்றான். அடுத்த நிமிஷமே, "கீழ புல்லுல ஒண்ணு பச்சையா மின்னுது" என்று ஓடினான். குனிந்து பார்த்தால் ஓநாய்ச் சிலந்தி. அதன் கண்ணும் அப்படித்தான் வெளிச்சத்தைத் திருப்பும்.

இரண்டாம் முறை நல்ல தூறல். மூன்றாவது கிளிப்பைத் தாண்டி எதுவுமே கண்ணில் படவில்லை. யாராவது கழற்றிவிட்டார்களோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால் கிளிப் அப்படியே இருக்கிறது, பட்டை மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. சட்டைக் கையால் துடைத்தேன், மின்னியது. நாலு துளி விழுந்ததும் மறுபடி மங்கியது. அந்தப் பட்டையில் இருப்பது பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். மணியின் மேல் தண்ணீர் படிந்தால் வெளிச்சம் அதற்குள் வளைய வேண்டிய அளவு வளையாது. உடுப்புக்கு ஆகும், காட்டுக்கு ஆகாது.

லாரிகளின் பக்கவாட்டில் ஒட்டுகிற, தேன்கூடு போலக் கட்டம் தெரியும் டேப்பை வாங்கினேன். அதில் மணிகள் கிடையாது. மூடிய பிளாஸ்டிக்குக்குள் குட்டிக் குட்டிப் பட்டகங்கள். மழையில் நனைந்தும் மின்னியது. ஆனால் தட்டையாக ஒட்டினால் பக்கவாட்டிலிருந்து வருகிறவருக்குத் தெரியவில்லை. கிளிப்பைச் சுற்றி வளைத்து ஒட்டிய பிறகு சரியானது. பாதை பிரியும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிளிப். திரும்பு என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். இங்கே காட்டுப்பன்றி வேட்டை ராத்திரியிலும் நடக்கும். பாதையை விட்டு யாரையும் உள்ளே இழுக்கும்படி ஒரு கிளிப்கூட இல்லை.

எல்லாம் கூடிவந்தபோதுதான் பாதையின் கடைசியில் டப்பாவை ஒளிக்கப் பார்த்து வைத்த வேர்ப்பொந்து கைவிட்டுப் போனது. ஆட்டத்தின் விதிப்படி இரண்டு டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது மைலில் பத்தில் ஒன்று. வேறொருவரின் டப்பா 140 மீட்டரிலேயே இருக்கிறது. கடைசி மூன்று கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஓடைப் பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு பட்ட மரம் பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இருட்டியதும் அளக்கும் டேப்போடு போகிறோம்.